கவுஸ் பாயின் கறுப்பு சிம்பல்

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் லேசில் எதையும் நம்பமாட்டார்கள். சேலம் போய்வந்தேன் என்றால் பஸ் டிக்கெட்டைக் காட்டு என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், நான் பெங்களூரில் ராக் பேண்டில் ட்ரம்ஸ் வாசித்தவன் என்று ஒரு மனுஷன் வந்து சொன்னால் என்ன ஆகும்? கவுஸ் பாய்க்கு ஆனதுதான் ஆகும். ராக் என்றால் என்னவென்றே ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப்பேர், "பாய் அங்க வாத்தியப் பொட்டி தூக்கினு இருந்தாருப்பா" என்று முடித்துவிட்டார்கள். அவருடைய சொந்த மச்சான் முனாப்பே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நான் பெரியண்ணன். கல்யாணம், கட்சிக் கூட்டம், மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் இந்தப் பக்கத்தில் என் மைக் செட்தான். சத்தம் என் பிழைப்பு. கவுஸ் பாய் சொல்வது பொய்யில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அவர் முனாப்பின் புளி மண்டித் தராசு மேடையில் உட்கார்ந்து விரலால் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இடது கை ஒரு கணக்கில் போகும், வலது கை வேறு கணக்கில் போகும், கால் இரண்டையும் கேட்காமல் தன் வழியில் போகும். அப்படி ஒரு மனுஷன் பெட்டி தூக்கப் பிறந்தவனா? சொன்னால் யார் கேட்கிறார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் பங்குனி. புளி சீசன். முனாப்பின் மண்டிக்கும் பாயின் வீட்டுக்கும் நடுவே உள்ள களத்தில் சித்தேரி மலைப்புளி குவிந்து கிடந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்லில் புளியை வைத்துச் சின்னக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டக் டக்கென்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதே சத்தம்தான். நான் மண்டி வாசலில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வெள்ளை வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து களத்து ஓரத்தில் நின்றது.

இறங்கியவர் நெட்டையான ஆள். நரைத்த முடி தோளில் புரண்டது. சிவப்புச் சட்டையில் பாதிப் பித்தானைக் காணோம். கோவிந்தம்மாள் என்ற மூத்த ஆள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "யாருடி இவரு, சாமியாரா, சர்க்கஸ்காரரா?" என்றாள்.

வந்தவர் நேராகத் தராசு மேடைக்குப் போனார். "கவுஸ். என்னா மேன், புளி வியாபாரியா ஆய்ட்டே?"

கவுஸ் பாய் எழுந்தவர் எழுந்தபடி நின்றார். கையில் இருந்த புளி கீழே விழுந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். களத்தில் ஒரு கட்டை தட்டவில்லை. முனாப் மண்டிக்குள்ளிருந்து வாயைத் திறந்தபடி எட்டிப்பார்த்தான். எனக்கு என்னவோ நானே பெங்களூரில் வாசித்துவிட்டு வந்ததுபோல் பெருமை பொங்கிவிட்டது.

அவர் டெரிக். கிடார் வாசிப்பவர். 'ரெட் லாந்தர்' என்று அவர் நடத்திய பேண்டில்தான் பாய் இருந்தார். தருமபுரியில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் அந்த மேடையில் ரெட் லாந்தர் கச்சேரி. அந்த வருஷம் அந்த மேடைக்கும் என் மைக் செட்தான் என்பதால் போஸ்டர் எனக்கும் தெரியும். பாயின் பேண்டு அதுதான் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

"எங்க ட்ரம்மருக்கு மஞ்சக் காமாலை, மேன்" என்றார் டெரிக். "படுத்துட்டான். பெங்களூர்ல வேற ஆள் தேடலாம்னு இவனுங்க சொன்னானுங்க. தருமபுரிக்குப் போறப்ப கவுஸ் இருக்கச்சொல்ல வேற ஆள் எதுக்குன்னு நான்தான் சொன்னேன். ட்ரம்ஸ் எங்ககிட்ட இருக்கு. நீ உன் சிம்பலை மட்டும் எடுத்துனு வா. அந்தக் கறுப்பு சிம்பல். வெச்சிருக்கியா?"

சிம்பல் என்பது ட்ரம்ஸோடு சேர்த்து அடிக்கிற பெரிய வெண்கலத் தட்டு. பாய்க்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. அவர் முடியாது என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்குப் பட்டது. அதற்குள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஹாஜிராவின் குரல் வந்தது.

"இருக்குதுங்க. வருவாருங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

அவ்வளவுதான். டெரிக் டீ குடித்தார். கோவிந்தம்மாள் கொடுத்த, கொட்டை எடுத்த பூப்புளியை உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடினார். வேன் ஏறிப் போனார். அவர் போன பிறகு களத்தில் எழுந்த பேச்சை என் ஸ்பீக்கர் நாலு வைத்தாலும் அடக்கியிருக்க முடியாது.

"அப்ப நெசந்தானா பாயம்மா?"

"நான் எப்பவாச்சும் பொய்யின்னு சொன்னனா?" என்றாள் ஹாஜிரா. சொன்னாளே தவிர, அவளும் அவர் வாசித்துப் பார்த்ததில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

பாயின் கதை இதுதான். அப்பா தருமபுரியில் தகரப் பெட்டி செய்கிறவர். தகரத்தைத் தட்டித் தட்டி வளர்ந்தவர் பாய். மீசை முளைக்கிற வயசில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், சிவாஜி நகரில் பெரியப்பாவின் தகரப் பெட்டிக் கடையில் சேர்ந்தார். பத்து வருஷம் அங்கேயே தகரம் தட்டினார். கடைக்குப் பின்னால் ஒரு சர்ச் ஹால். அங்கே டெரிக்கும் கூட்டாளிகளும் வாசித்துப் பழகுவார்கள். ஒருநாள் ட்ரம் வாசிப்பவன் வரவில்லை. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தகரத்தில் தட்டுவதை டெரிக் கவனித்திருக்கிறார். உள்ளே வா என்றார். உள்ளே போனவர் வெளியே வரப் பதினைந்து வருஷம் ஆயிற்று. எம்.ஜி. ரோட்டு ஓட்டல்கள், கோலார் தங்கவயல் கிளப்பில் வருஷப் பிறப்பு ஆட்டம், காலேஜ் விழாக்கள், ஊட்டி. சிகரெட் புகைக்கு நடுவே விடிய விடிய வாசிப்பு. பிறகு ரயிலில் தூங்கிக்கொண்டே வந்து மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். குடிக்கிற இடத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிப்போகிற பழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. அதனால் ஹாஜிரா பார்த்தது அவருடைய கையில் இருந்த காய்ப்பை மட்டும்தான்.

அப்புறம் ஒருநாள், மச்சானுக்கு மண்டியில் துணை வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார். சிம்பல் மூன்றையும் அடுப்படிப் பரண்மேல் ஏற்றினார். அதோடு சரி.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் என்னைத் தேடிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார்.

"பெரியண்ணா, மேடையில எம்பக்கத்துல எனுக்குன்னு ஒரு ஸ்பீக்கர் பொட்டி வெப்பியா? சத்தமா?"

"வெக்கறன் பாய். எதுக்கு?"

அவர் உட்கார்ந்தார். என் ஆம்ப்ளிஃபயரின் குமிழைச் சும்மா திருகிக்கொண்டே இருந்தார். "எனுக்கு சிம்பல் கேக்கறதில்ல."

எனக்கு விளங்கவில்லை.

"கால்ல மிதிக்கற பேஸ் ட்ரம் கேக்குது. நீ பேசறது கேக்குது. சிம்பல் மட்டும் கேக்கல. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. அடிப்பன், கை ஆடும், தட்டு ஆடும், காதுக்கு ஒண்ணும் வராது. கேக்கலன்னு ஓங்கி அடிப்பன். டெரிக் திரும்பித் திரும்பிப் பாப்பான். சிம்பல் கேக்காதவன் ட்ரம்ஸ் அடிச்சா தாளம் ஓடிப்பூடும்ப்பா. அவனுங்க சொல்றதுக்கு முன்னாடி நானா வந்துட்டன். மண்டியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

"வூட்ல தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு ஆறாயிரம் பேருக்கு முன்னாடி அசிங்கப்படறதுக்கு, காலையில காச்சல்னு படுத்துக்கறன். நீ டெரிக்குக்கிட்ட சொல்லிடு."

எனக்கு எரிச்சலாக வந்தது. காதுமேல் இல்லை, அவர்மேல். இத்தனை வருஷம் ஊரெல்லாம் பெட்டி தூக்கி என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நிரூபிக்க ஒரு நாள் வரும்போது காய்ச்சலாம். "நான் சொல்லமாட்டன் பாய்" என்றேன். "காச்சல் வந்தா கம்பளி போத்திக்கினு வந்து அடிங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பாயின் வீட்டுப் பக்கம் போனேன், ஆள் படுத்துவிட்டாரா என்று பார்க்க. அவர் வீட்டில் இல்லை. முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். காய்ச்சல்காரன் முடிவெட்டமாட்டான் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

களத்தில் பார்த்தால் வேறு கூத்து. புளிக் குவியல் அப்படியே கிடக்கிறது. கிணற்றடியில் பெண்கள் வட்டமாகக் குனிந்திருக்கிறார்கள். நடுவில் ஹாஜிரா, முழங்கைவரை நுரை. பக்கத்தில் ஒரு சட்டியில் போன வருஷத்துப் பழம்புளி கரைத்துவைத்திருந்தது. உப்பு, சாம்பல், தேங்காய் நார் எல்லாம் தயாராக இருந்தன.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடமோ குத்துவிளக்கோ தாம்பாளமோ, விசேஷத்துக்கென்று வீட்டை விட்டு வெளியே போகிறதென்றால் புளி போட்டுப் பளபளவென்று விளக்கித்தான் அனுப்புவார்கள். கறுத்த பாத்திரம் சபைக்குப் போனால் அந்த வீட்டுப் பெண்களைத்தான் நாலு பேர் பேசுவார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. பரணிலிருந்து இறங்கிய சிம்பல்களைப் பார்த்ததும் ஹாஜிராவுக்கு உயிரே போய்விட்டதாம். கிளப்புப் புகை, கை வேர்வை, அதற்குமேல் எட்டு வருஷ அடுப்புக் கரி. அட்டைக்கரியாய் இருந்திருக்கிறது. ஆறாயிரம் பேர் பார்க்கிற சபைக்கு இதையா அனுப்புவது?

"பாருப்பா பெரியண்ணா" என்று கோவிந்தம்மாள் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். வெயில் பட்டு என் கண் கூசிற்று. "தாம்பாளம் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குது பாரு. தங்கங்கூட இப்படி இருக்காது."

அந்தக் கறுப்பைப் பற்றி பாய் எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் மற்றவர்கள் பாலிஷ் போட்டுத் துடைப்பார்களாம்; இவர் துணிகூடப் படவிடமாட்டாராம். அந்தக் கறுப்பில்தான் சத்தம் இருக்கிறது என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் வாசலில் வந்து நின்றார், புதுசாய் முடி வெட்டிய தலையோடு.

அவர்கள் வீட்டில் உருதுதான் பேசுவார்கள். சண்டை வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். நாலு பேருக்கு நியாயம் புரியவேண்டுமல்லவா.

"யாரு தொடச் சொன்னது?"

"ஏங்க, எவ்ளோ அழுக்கு பாருங்க. தண்ணியே கறுப்பாயிடுச்சு."

"அது அழுக்கா? பதினஞ்சு வருஷம் ஹாஜிரா. பதினஞ்சு வருஷமா நான் சேத்துவெச்சது. சாக்கடையில ஊத்திட்டியே."

"வெளக்காத ஏனத்தைச் சபைக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"அது ஏனம் இல்ல. அதுல சோறா திங்கறாங்க?" பாய் கரித் தண்ணீர் ஓடுகிற சாக்கடையைக் காட்டினார். "போச்சு. இனி அது சிம்பலே இல்ல. நான் போகல. காச்சல்னு சொல்லிடுங்க."

பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கோவிந்தம்மாள் சிம்பலை மெல்லக் கீழே வைத்தாள். ஹாஜிரா கையிலிருந்த நாரைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழுகிற ஜாதியில்லை.

"காச்சல் நேத்தே வந்துருச்சுங்க. டெரிக் சார் வேனைப் பாத்ததும் வந்துருச்சு. எனுக்குத் தெரியாதா?"

"என்னா தெரியும்?"

"குக்கர் விசில் உங்களுக்குக் கேக்கறதில்ல. நானும் ஏழெட்டு வருஷமாப் பாக்கறன். விசில் அடிக்கச்சொல்ல அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்துனு, இன்னும் வேகலையான்னு கேப்பீங்க. இப்பதாங்க அடிச்சுதுன்னு நான் சொல்லுவனா? இதோ அடிக்கப்போவுதுங்கன்னுதான் சொல்லுவன்."

பாயின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"அதுக்கோசரந்தாங்க வெளக்குனன். கறுத்த குடத்தைத் தட்டுனா மொத்துன்னு கேக்கும். வெளக்குன குடம் கணீர்னு கேக்கும். உங்களுக்குக் கேக்கட்டுமேன்னு வெளக்குனன். தப்புன்னா தப்புதான். ஆனா நான் உங்களைக் கட்டிக்கினு வந்ததுலருந்து நீங்க வாசிச்சு ஒருநாள் பாத்ததில்ல. பொட்டி தூக்குனவன் பொண்டாட்டின்னு எங்கண்ணனே சொல்றான். இன்னிக்கி நான் பாக்கணும். நல்லா வாசிச்சாலுஞ் சரி, கெட்டாலுஞ் சரி."

இதைவிட வேறென்ன சொல்லமுடியும்? பாய் குனிந்து மூன்று சிம்பலையும் எடுத்தார். தட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோணிப்பையில் போட்டுக் கட்டினார். "சட்டை எடுத்து வை" என்றார். இந்தத் தடவை உருதுவில்.

பிறகு பார்க்கவேண்டுமே களத்தை. அரை நாள் லீவு என்று கோவிந்தம்மாளே அறிவித்துவிட்டாள். முனாப் தலையிலடித்துக்கொண்டான். ஆனாலும் தருமபுரிக்குப் போகிற தன் புளி லோடு லாரியை அவன்தான் கொண்டுவந்து நிறுத்தினான். "பொட்டி தூக்கறதப் பாக்க நானும் வரன்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் ஏறிக்கொண்டான். மூட்டைகள்மேல் பெண்கள், பாய், கம்பிச் சுருளோடு நான்; மேடையில் செட்டை என் வேலைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். கட்டுச்சோறு, புளிச்சாதம், வறுத்த மொச்சை. ஹாஜிரா கறுப்புப் புர்க்காவில் நடு மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் கோணிப்பையை அணைத்துக்கொண்டு வந்தாள். கடத்தூர் தாண்டி டயர் பஞ்சர். வேகாத வெயில். பெண்கள் புளியமர நிழலில் உட்கார்ந்து மொச்சையைத் தின்றுவிட்டார்கள். பாய் மட்டும் ரோட்டோரம் நின்று, இரண்டு குச்சியால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். நிற்கவே இல்லை.

பொருட்காட்சித் திடலுக்குப் போய்ச் சேரும்போது விளக்குகள் எரிந்துவிட்டன. ராட்டினம் சுற்றுகிறது, அப்பளக் கடையில் எண்ணெய் கொதிக்கிறது, மேடைக்கு முன்னால் தலை தலையாய்க் கூட்டம். சோதித்துப் பார்க்க நேரமில்லை. டெரிக் மேடைக்குப் பின்னால் குட்டி போட்ட பூனைபோல் நடந்துகொண்டிருந்தார். கோணிப்பையைப் பிரித்ததும் நின்றார்.

"என்னா மேன் இது. பாத்திரக் கடைக்குப் போய் வாங்கினியா? என் கறுப்பு சிம்பல் எங்கே?"

"எம்பொண்டாட்டி வெளக்கிட்டா" என்றார் பாய். "பேசறதுன்னா அவகிட்டப் பேசு."

டெரிக் பெண்கள் வரிசையைப் பார்த்தார். கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டார். அவரும் கல்யாணமானவர்தான்.

நான் பாயின் வலது பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரைத் திருப்பிவைத்துவிட்டு, மேடையோரம் என் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர் முகம் தெரிந்தது. கீழே முதல் வரிசையில் ஹாஜிரா. முகத்திரையை மேலே தூக்கிவிட்டிருந்தாள். இந்தப் பக்கம் கோவிந்தம்மாள், அந்தப் பக்கம் முனாப். அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

முதல் பாட்டு சிம்பல் அடியில்தான் ஆரம்பம். அந்த அடியைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் உள்ளே வரவேண்டும். டெரிக் தலையாட்டினார். பாய் குச்சியைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். என் கை குமிழ்மேல் வழுக்கிற்று.

அடித்தார்.

திடல் முழுக்க அது கணீரென்று போயிற்று. ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கண்ணைத் திறந்தார். அடுத்த அடி வரவில்லை. டெரிக் திரும்பிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். முனாப் கையை அவிழ்த்தான்.

பாய் சிம்பல் பக்கம் காதைச் சாய்த்தார். இன்னொரு தடவை அடித்தார், மெதுவாக. அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாயசைத்துச் சொன்னார்: "கேக்குது."

மூன்றாவது அடிக்கு அவர் முழுக் கையை ஓங்கினார். அதிலிருந்து நிற்கவில்லை. பேண்டு உள்ளே விழுந்தது. என்ன பாட்டு என்று கேட்காதீர்கள், இங்கிலீஷ் பாட்டு, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. பேஸ் ட்ரம் நெஞ்சுக்குள் இடித்தது. அந்த மனுஷனுக்கு ஐம்பது வயசு என்று யார் சொல்வார்கள்? தகரப் பெட்டி, கோலார் கிளப், களத்துக் கட்டை எல்லாம் அந்தக் கையில் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சிம்பல் விளக்கு வெளிச்சத்தை வாரிக் கூட்டத்தின்மேல் வீசியது. ஜனம் எழுந்து நின்றுவிட்டது. நடுவில் மற்றவர்கள் எல்லாம் நிறுத்திக்கொண்டு அவரைத் தனியாக விட்டபோது, புளி தட்டுகிற பெண்களுக்கு அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டது. கோவிந்தம்மாள் மொச்சைத் தூக்குப்போசி மூடியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். வரிசையே கைதட்டியது. முனாப் நாற்காலிமேல் ஏறி நின்று, பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க மச்சான்யா அது, எங்க மச்சான்" என்று கத்திக்கொண்டிருந்தான். அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஜிரா கைதட்டவில்லை. இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நிற்க இடமில்லை. பாயின் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். டெரிக் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"நிஜத்தைச் சொல்லு. அப்ப எதுக்கு என்னை விட்டுட்டுப் போனே?"

"காது போச்சுன்னு நெனச்சன் டெரிக். சிம்பல் கேக்கல." பாய் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "பாதி காதுதான். மீதி கரி."

"இப்ப முழுசா கேக்குதா?"

"முழுசா இல்ல. போதும்."

"அப்ப அடுத்த மாசம் பெங்களூர். ஓட்டல்ல இல்ல, பெரிய ஹால். வர்றே."

பாய் பின்னால் திரும்பினார். ஹாஜிரா முகத்திரையைச் சரிசெய்துகொண்டு, கோணிப்பையில் சிம்பலை ஒவ்வொன்றாகத் தன் துப்பட்டாவால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். விரல் ரேகைகூடப் படாமல் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

"என்னா சொல்ற ஹாஜிரா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி சிம்பலை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். அது சின்னதாய்க் கணீரென்றது. அவருக்குக் கேட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். கேட்டது.

"போலாங்க" என்றாள். "ஆனா நானும் வருவன். வெளக்கறதுக்கு அந்த ஊர்ல நல்ல பழம்புளி கெடைக்காது."